சம்பந்தியம்மாளின் குர்த்தும் இடது பக்க விளக்கும்

உலகத்தில் தனக்கு அருவருப்புத் தராத பொருள் மின்சாரம் ஒன்றுதான் என்று ஒராசாலி சொல்வதுண்டு. அதற்கு வாடை இல்லை, பிசுக்கு இல்லை, யார் எச்சிலும் அதில் ஒட்டுவதில்லை. அந்தச் சுத்தத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இளவயதில் கார் மின்வேலை கற்றார். கற்று முடித்து, கசாக் நாட்டின் தராஸ் நகரத்துப் பழைய உதிரிபாகச் சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் பிடித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. மின்சாரம் சுத்தமானதுதான், அது ஓடுகிற இடங்கள் அப்படியல்ல. இருக்கைக்கு அடியில் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்திருக்கும். ஃபியூஸ் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் யாரோ மென்று அடைத்த பபிள்கம் இருக்கும். மனிதர்கள் வீட்டில் செய்யக் கூசுவதையெல்லாம் காரில் செய்கிறார்கள் என்பது அவருடைய முடிவு.

ஆஸ்பத்திரிக் கையுறை மாட்டிக்கொண்டுதான் காரின் எஞ்சின் மூடியைத் திறப்பார். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் சலவைத்தூள் போட்டுக் கை கழுவுவார். சந்தையில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். ‘நோயாளியைக் கண்டாலே ஆகாத டாக்டர்’ என்று பக்கத்துக் கடை டயர்காரன் பினாலி அதைத் திருத்திச் சொல்வான். பினாலி துருக்கியன், நல்ல சாப்பாட்டுக்காரன், வாய் ஓயாதவன்.

எலியைக்கூட ஒராசாலி மன்னிப்பார், அது படித்ததில்லை. மன்னிக்க முடியாதவர்கள் சக தொழிலாளிகள். கம்பியை உரித்து, விரலால் முறுக்கி, நீல நாடா சுற்றி, வேலை முடிந்தது என்று மூடியைச் சாத்துகிறவர்கள். அப்படி ஒரு முடிச்சைக் கண்டால் அதை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோலத் தூக்கிப் பிடித்து, “இதுல கை வச்ச மகராசன் யாரு” என்று கேட்பார். கார்க்காரர் தலையைச் சொறிவார். பெரும்பாலும் அது அவருடைய மைத்துனனாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விஷயத்தை மறைப்பது சரியல்ல. ஒராசாலிக்குக் குர்த் பிடிக்காது. புளித்த தயிரை வடித்து, உப்புப் போட்டு, கைப்பிடியில் பிழிந்து, வெயிலில் கல்லாகக் காயவைக்கிற அந்த உருண்டையை நினைத்தாலே அவருக்குக் கை கழுவத் தோன்றும். கூரை மேல் துணி விரித்து அதைக் காயப்போட்டிருக்கும்போது அதன் மேல் ஈக்கள் நிதானமாக நடைபழகுவதைச் சின்ன வயதில் பார்த்தவர். ஆனால் கசாக்காகப் பிறந்துவிட்டு இதை வெளியே சொல்வதைவிட, தன் மேல் ஒரு திருட்டு வழக்கு இருப்பதாகச் சொல்லிக்கொள்வது கௌரவம். மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். பினாலிக்கும் தெரியும். விருந்து வீடுகளில் ஒராசாலியின் கோட்டுப் பைக்குள் போகிற குர்த்தெல்லாம் கடைசியில் பினாலியின் வாய்க்குத்தான் போகிறது.

அப்படிப்பட்டவர் பெண்ணைக் கொடுத்த இடம் கனிபாவின் வீடு. அந்த வட்டாரத்தில் குர்த் என்றால் கனிபா. சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கி மடங்கிய மோதிரவிரல் அவளுக்கு நிமிரவே இல்லை. அவள் பிழிகிற குர்த்தில் நான்கு விரல் தடத்துக்குப் பதில் மூன்றுதான் விழும். மூன்று தடம் போட்ட குர்த் என்று கேட்டு வாங்கிப் போக வெளியூர்க்காரர்கள் வருவதுண்டு. அவள் கணவர் பெர்திகாலி பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். விசில் மட்டும் ஓய்வுபெறவில்லை, பேச்சில் ஊதிக்கொண்டிருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் புதுக் கொரியக் கார் வந்தது. நல்லது வந்தால் அதன் தலையில் மிட்டாயும் சில்லறையும் வாரி இறைப்பது வழக்கம். கனிபா மிட்டாயோடு நிற்கவில்லை. “மிட்டாய கடைல எவ வேணா வாங்கி எறியலாம்” என்று சொல்லி, தன் கையால் செய்த குர்த்தைக் கை கையாக அள்ளி வீசினாள். ஒராசாலியும் அங்கே நின்றிருந்தார். கண்ணாடியிலும் மூடியிலும் அவை டக் டக்கென்று விழுந்து தெறித்தபோது அவர் கவலைப்பட்டதெல்லாம் பெயின்ட்டைப் பற்றித்தான்.

வசந்தம் வந்தது. ஒரு நாள் சந்தை முனையில் அதே கார் போவதைப் பார்த்தார். வலது பகல் விளக்கு பளிச்சென்று எரிந்தது, இடது பக்கம் இருட்டு. ஊருக்கு வெளியே பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும், இல்லையென்றால் போலீஸ்காரன் கோலை நீட்டுவான். மின்வேலைக்காரன் சம்பந்தியின் கார் ஒற்றைக் கண்ணோடு ஊர்வலம் போகிறது. அவருக்குக் காது சூடேறியது.

ஏன் தன்னிடம் வரவில்லை என்று கேட்கவும் முடியாது. சம்பந்தி வீட்டுக்கு வந்தால் கசாக் மரியாதைப்படி அவர் முன்னால் அவித்த ஆட்டுத் தலையை வைக்க வேண்டும், ஸ்பேனரை வைக்கக் கூடாது. அந்த மரியாதையின் காரணமாக பெர்திகாலி காரை ஊரிலிருக்கிற கையாலாகாதவர்கள் எல்லோரிடமும் காட்டியிருந்தார். தெரிந்த ஒருவரை மட்டும் கவனமாகத் தவிர்த்திருந்தார்.

அன்று மாலை மகளிடமே போனில் கேட்டார். ரௌஷான் நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். கிராமத்திலிருந்து அந்தக் காரில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

“இப்ப பஸ்ல வரேன்பா.”

“ஏன்?”

“நான்தான் காரக் கழுவினேன். மறுநாள் லைட்டு போச்சு. அத்த சாவிய வாங்கி வச்சுட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றாங்க. கரண்டுக்காரன் பொண்ணாம், தண்ணிக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் தெரியலயாம். விடுங்கப்பா.”

ஒராசாலி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக் கோட்டை எடுத்து மாட்டினார். உள்பையில் சோதனை விளக்கை வைத்துக்கொண்டார். ஒரு சின்ன பல்ப், ஒரு பக்கம் கவ்வி, ஒரு பக்கம் ஊசி. பேருந்தில்தான் போக வேண்டியிருந்தது. அவருடைய சொந்தக் கார் ஸ்டார்ட் ஆகி நெடுநாளாகிறது.

வழியில் பினாலி பார்த்துவிட்டான். “சம்பந்தி வீட்டுக்கா அண்ணே? இந்தக் கோட்டுப் பை பத்தாதே. எங்கிட்ட கித்தான் பை இருக்கு, தரட்டா?”

“வாய மூடுடா.”

“எனக்குன்னு கொஞ்சம் பாத்து எடுத்துட்டு வாங்க. போன தடவ மாதிரி ஒண்ணு ரெண்டோட வந்துராதீங்க.”

பெர்திகாலி வீட்டில் அவரைத் தலைமை இடத்தில், இரண்டு மெத்தை கூடுதலாகப் போட்டு உட்காரவைத்தார்கள். மருமகன் மெய்ராம் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். டீத்தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் ரௌஷான் உட்கார்ந்து டீ ஊற்றினாள். கனிபா ஒரு தட்டை அவர் முன் வைத்தாள். வெள்ளை வெளேரென்று மூன்று தடம் போட்ட உருண்டைகள். பண்ணையின் பின்கட்டு வாடை ஒன்று மெல்ல எழுந்து அவர் மூக்குக்குள் குடியேறியது.

“எடுங்க சம்பந்தி. உங்களுக்குன்னே தனியா எடுத்து வச்சது.”

“தெரியுது சம்பந்தியம்மா” என்றார் அவர். ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். இருமினார். கை கீழே வந்தபோது காலியாக இருந்தது. இந்த வித்தையை அவர் பல வருடப் பழக்கத்தில் மெருகேற்றி வைத்திருந்தார். இன்னொன்றும் அதே வழியில் போனது. ரௌஷான் சமோவாரின் குழாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்” என்று எழுந்தார்.

பெர்திகாலியும் கூடவே எழுந்து வந்தார். ஒராசாலி முற்றத்தைக் கடந்து நேராகக் காரிடம் போய் நின்றார்.

“ஏன் சம்பந்தி, அங்கதான் காத்து வருதா?”

“நல்லா வருது.”

“பாருங்க, நீங்க இதுல கை வைக்கக் கூடாது. ஊரு என்ன பேசும்? சம்பந்திய டீக்குக் கூப்புட்டு வேல வாங்கினான்னு என் காலம் முடியற வரைக்கும் சொல்லுவானுங்க.”

“நான் கை வைக்கல. ரௌஷான், வாம்மா. இந்த மூடியத் தூக்கு.”

பெர்திகாலி இதற்கு விதி தேடிப் பார்த்தார். மருமகள் வேலை செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விதிகள் எல்லாம் எதிர்ப்பக்கம்தான் இருந்தன.

மூடி திறந்ததும் ஒராசாலி முகத்தைச் சுளித்தார். பேட்டரியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி அவிழ்ந்த கால்கட்டுபோல இழுத்துக்கொண்டு இடது விளக்குவரை போனது. நடுவில் நீல நாடா.

“இதுல கை வச்ச மகராசன் யாரு?”

“ரெண்டாவது ஆளு. நேரா கரண்டு குடுத்தா எரியும்னான்.”

“எரிஞ்சுதா?”

“இல்ல. மொத ஆளு விளக்கையே மாத்தினான். மூணாவது ஆளு காரோட மூளைய மாத்தணுங்கறான்.”

“அவன் மூளைய மாத்தச் சொல்லுங்க. இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டா என்ன ஆகுது?”

பெர்திகாலி யோசித்தார். “அதான் வேடிக்க. அணைஞ்சு கெடக்கற விளக்கு சிக்னலோட சேந்து மங்கலா கண்ணடிக்குது.”

ஒராசாலியின் முகத்தில் அன்று முதன்முறையாக அருவருப்பு இல்லாத ஒரு கோடு ஓடியது. இதை மற்ற மூவரும் கேட்கவே இல்லை என்பது நிச்சயம். கேட்டிருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும்.

சோதனை விளக்கை மகளிடம் கொடுத்தார். பெர்திகாலியிடம் இருந்த இன்னொரு சாவியால் காரை உயிர்ப்பிக்கச் சொல்லி, மகளை விளக்கின் இணைப்பைக் கழற்றச் சொன்னார். கவ்வியை பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, இணைப்பில் மின்சாரம் வருகிற கம்பியை ஊசியால் தொட்டாள். சோதனை விளக்கு பளீரென்று எரிந்தது.

“பாத்தீங்களா, வந்துகிட்டுதான் இருக்கு” என்றார் ஒராசாலி. “வர்ற வழில கொறயே இல்ல. அங்க போயி இன்னொரு வழி போட்டிருக்கான் அந்தப் புண்ணியவான். இப்ப கவ்விய நேர்முனைல மாட்டும்மா. இணைப்போட மறு கம்பியத் தொடு.”

அவள் தொட்டாள். பல்ப் அணையப்போகிற கரித்துண்டுபோலச் சிவந்தது, அவ்வளவுதான்.

“வந்த கரண்டு திரும்பிப் போகணும். போற வழிதான் செத்துக் கெடக்கு. தன் வழி அடைஞ்சதால சிக்னல் விளக்கு வழியா பூந்து போகப் பாக்குது. அதான் கண்ணடிக்குது.”

ஒரு துண்டுக் கம்பியால் அந்தத் திரும்பும் கம்பியை நேராக பேட்டரியின் எதிர்முனைக்கு இணைக்கச் சொன்னார். கழற்றியதை மாட்டியதும் இடது விளக்கு, இத்தனை நாள் ஒன்றுமே நடக்காததுபோல, முழுசாக எரிந்தது. பெர்திகாலி பெருமூச்சு விட்டார். மருமகளைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பிப் போகிற கம்பி காரின் உடம்பில் எங்கே முடுக்கப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டியதுதான் பாக்கி. ரௌஷான் கம்பியோடு கையை ஓட்டிக்கொண்டே போனாள். முன்கண்ணாடிக்குக் கீழே, மூலையில் ஒரு போல்ட்டில் அது முடிந்தது. போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக ஒரு புற்று வளர்ந்திருந்தது. தொட்டால் ஈரம். அதன் மேலே தகரத்தில் காய்ந்த மோர் வடிந்ததுபோல ஒரு தடம்.

வாடையும் வந்தது. ஒராசாலி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அந்த வாடையை அவர் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வீட்டுக்குள் சந்தித்திருந்தார். ஆனால் இது அதன் பாட்டன் வாடை.

“அந்த பிளாஸ்டிக் சல்லடையக் கழட்டு” என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் விழுந்து ஓட ஒரு கால்வாய் உண்டு. அதன் கோடியில் தண்ணீர் இறங்க ஒரு துளை. கால்வாயின் மேட்டில் மிட்டாய்க் காகிதங்களும், காய்ந்த குர்த் மூன்று நான்கும் கிடந்தன. துளையில் ஒரு குர்த் வந்து உட்கார்ந்து, ஊறி, பருத்து, கார்க் மாதிரி அடைத்திருந்தது. பின்னால் பால் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதன் மேல் ஒரு ஏடு. ஏட்டின் மேல் பச்சையாகப் பூஞ்சை. உப்புத் தண்ணீர் நிரம்பி வழிந்து போல்ட்டின் தலையிலேயே குளித்துக்கொண்டிருந்தது. ரௌஷான் நர்ஸ். முகம் மாறாமல் இரண்டு விரலை விட்டு அதைப் பிடுங்கினாள். பொளக்கென்று ஒரு சத்தம். ஒராசாலி திரும்பி நின்று தூரத்து மலையை ரசித்தார்.

சத்தம் கேட்டதுபோல அதே நேரத்தில் கனிபா முற்றத்துக்கு வந்தாள். “என்ன அது நாத்தம்? எலியா?”

ரௌஷானின் கையில் இருந்ததை அவள் பார்த்தாள்.

“குர்த் மாதிரி இருக்கு.”

“மாதிரி இல்ல” என்றார் பெர்திகாலி மெதுவாக. “கார் வந்தன்னிக்கு எறிஞ்சியே.”

“எங்குர்த் கரையாது. தெரியுமா உங்களுக்கு? ரெண்டு வருஷம் மூட்டைல கெடந்தாலும் கல்லு மாதிரி இருக்கும். இது கடைக் குர்த். அன்னிக்கு உங்க தங்கச்சியும்தான் எதையோ வாரி எறிஞ்சா.” பிறகு ரௌஷானைப் பார்த்தாள். “எதா இருந்தா என்ன? கழுவற வரைக்கும் எரிஞ்ச விளக்குதான? தண்ணிய யாரு ஊத்தினது?”

ரௌஷான் அழுகிய உருண்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் அதைச் சொல்லும் உரிமைதான் இன்னும் வந்து சேரவில்லை.

ஒராசாலி கால்வாய் மேட்டிலிருந்து காய்ந்த குர்த் ஒன்றை எடுத்தார். கையுறை இல்லாமல். அதில் தூசி அப்பியிருந்தது, ஆனால் தடங்கள் தெளிவாக இருந்தன. இதை எதனோடு ஒப்பிடுவது? வீட்டுக்குள் தட்டில் இருக்கிறது. எடுத்து வரச் சொன்னால் கனிபாதான் போய் எடுத்து வருவாள். அவள் இப்போது இருக்கிற நிலையில் கடையில் வாங்கியதைக்கூட எடுத்து வருவாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தன் கோட்டுப் பை கனப்பதை அவர் உணர்ந்தார். இத்தனை வயதுவரை காப்பாற்றிய மானம் அதற்குள்தான் இருந்தது.

பைக்குள் கையை விட்டு, வீட்டுக்குள் அவர் தின்றதாக நம்பப்பட்ட இரண்டையும் எடுத்து, காரின் விளிம்பில், தூசி படிந்த அந்தப் பழைய குர்த்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

மூன்று தடம். மூன்று தடம். மூன்று தடம்.

“தண்ணி போக காரு செஞ்சவன் வழி வச்சிருக்கான் சம்பந்தியம்மா. தெனம் கழுவினாலும் ஒண்ணும் ஆகாது. மழை பேஞ்சாலும் ஆகாது. வழில உக்காந்தது இது.”

கனிபா காரைப் பார்க்கவில்லை. அவருடைய பையைப் பார்த்தாள்.

“இது எப்பிடி உங்க பைக்குள்ள வந்துச்சு?”

பல்வலி என்று சொல்லலாம். பேத்திக்கு எடுத்தேன் என்று சொல்லலாம், பேத்தி இன்னும் பிறக்கவில்லை. நீல நாடாக்காரர்கள் பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் ஒராசாலி.

“எனக்குக் குர்த் ஆகாது” என்றார். “பொறந்ததுலேருந்து.”

பெர்திகாலி வானத்தைப் பார்த்தார். அங்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

“அப்ப பொண்ணு கேக்க வந்தப்ப?” என்றாள் கனிபா.

“பைல.”

“கல்யாணத்துக்கு?”

“அன்னிக்கு ரெண்டு பை.”

“எல்லாத்தையும் என்ன பண்ணீங்க? குப்பைல போட்டீங்களா?”

“சாப்பாட்டக் குப்பைல போடுவனா? பக்கத்துக் கடை டயர்காரனுக்குக் குடுத்துருவேன். துருக்கிக்காரன்.”

கனிபாவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. “துருக்கிக்காரனுக்குக் குர்த்தப் பத்தி என்ன தெரியும். என்ன சொன்னான்?”

“காலைலகூட கேட்டான். ஒண்ணு ரெண்டோட வராதே, நிறைய எடுத்துட்டு வான்னான்.”

அவள் குனிந்து, காரின் விளிம்பிலிருந்து பழைய குர்த்தை எடுத்துத் தூசியை ஊதினாள். நகத்தால் தட்டிப் பார்த்தாள். டக்கென்றது.

“ஒரு குளிர்காலம் பூரா பனிலயும் மழைலயும் கெடந்திருக்கு” என்று கணவரிடம் சொன்னாள். “தடம் கலையல பாருங்க. உள்ள தண்ணில முழுசா முங்கின ஒண்ணுதான் ஊறியிருக்கு. அது எதுவா இருந்தாலும் ஊறும், கல்லே ஊறும். கொரியாக்காரன் அத்தன பேரும் சேந்து செஞ்ச காரு, எங்குர்த் ஒண்ணு போயி உக்காந்ததும் நின்னுபோச்சு.”

இந்த வாக்கியம் அடுத்த வாரத்துக்குள் வட்டாரம் முழுக்கப் போய்ச் சேரும் என்பதும், அதில் தண்ணீர் ஊற்றிய மருமகளுக்கு இடமே இருக்காது என்பதும் ஒராசாலிக்கு அப்போதே புரிந்தது. கூடவே குர்த் தின்னாத கசாக் ஒருவனும் போய்ச் சேருவான். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

ரௌஷான் போல்ட்டைக் கழற்றி, புற்றைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் பூசி முடுக்கினாள். நீல நாடாவோடு அந்தச் சிவப்புக் கம்பியையும் உருவிப் போட்டாள். விளக்கு எரிந்தது. சிக்னல் போட்டால் சிக்னல் மட்டும் கண்ணடித்தது. ஒராசாலி கைகழுவத் தண்ணீர் கேட்டார், சலவைத்தூளும் கேட்டார்.

கிளம்பும்போது கனிபா ஒரு துணிப்பையோடு வந்தாள். பை கனமாக இருந்தது. அது என்னவென்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, மூக்கு இருந்தால் போதும்.

“உங்களுக்கு இல்ல. அந்த டயர்காரருக்கு. பத்திரமா குடுக்கணும், வழில எறிஞ்சுறக் கூடாது.”

“எறிய மாட்டேன்.”

“இப்ப பஸ்ஸு கெடையாது.” அவள் மேலங்கிக்குள் கையை விட்டு, கார்ச்சாவியை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். “உங்கப்பாவக் கொண்டுபோயி விட்டுட்டு வா. நாளைக்கும் நீயே எடுத்துட்டுப் போ. பஸ்ல போயி தெனமும் லேட்டா, பாலு பொங்கி வழிஞ்ச பின்னாடிதான் வர்ற.”

ரௌஷான் சாவியை வாங்கிக்கொண்டாள். பையை ஒராசாலி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொடுத்த சாப்பாட்டைக் காலடியில் வைப்பது மரியாதை இல்லை. பெரிய சாலைக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு பால் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பளபளத்த பின்புறத்தில் இவர்கள் காரின் இரண்டு விளக்கும் ஒரே அளவில் எரிவது பிரதிபலித்துத் தெரிந்தது. இத்தனை வாகனங்கள் இருக்கிற சாலையில் பால் லாரிதான் வாய்க்க வேண்டுமா என்று ஒராசாலி நினைத்தார், ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தார்.

பை சூடேறி, வாடை வண்டி முழுக்க நிரம்பியது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ரௌஷான் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பொத்தானை அழுத்தி, அவர் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

“நனைவீங்கப்பா.”

“பரவால்ல” என்றார் அவர், தலையை வெளியே நீட்டிக்கொண்டு.